பாடாங் பெசாரில் பெண் பிரயாணிகள் அறை

1

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தோம். ஆம்பூரில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். விருந்துப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என் காலிலிருந்த கான்வாஸ் ஜோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீயும் அங்க வேலைக்குப் போறியாமே. இன்னா வேலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வரிசையிலிருந்த என் வீட்டுக்காரர், "ரயில்வேல ஆபீஸ் வேலைங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னார். அந்த அம்மாளுக்குத் திருப்தி. எனக்கு இல்லை. கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, வடக்கே போகிற ரயிலில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பதில் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

என் வேலை ஆபீஸ் வேலை இல்லை. மலாய் நாட்டின் வடக்குக் கோடியில், சயாம் ராஜ்யம் ஆரம்பிக்கிற இடத்தில், பாடாங் பெசார் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சயாமிலிருந்து ரயிலில் வருகிற பெண்களை ஓர் அறைக்குள் கூப்பிட்டு, அவர்கள் துணிக்குள் எதையாவது ஒளித்துக் கொண்டுவருகிறார்களா என்று தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. அபின்தான் முக்கியம். பட்டு, சிகரெட்டு, லாட்டரிச் சீட்டு என்று மற்றவையும் உண்டு. பந்தியில் சொல்ல விடாததை இங்கே எழுதிவிடுகிறேன். ஊரில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

2

என் வீட்டுக்காரர் பெயர் ஆசீர்வாதம். காட்பாடி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அதற்குத் தடத்தை மாற்றிவிடுகிற வேலை. நான் வேலூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் வார்டுகளைக் கழுவி, நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்து, துணி மாற்றிக்கொண்டிருந்தவள். எங்களுக்குக் கல்யாணமான சில மாதங்களில் மலாய் நாட்டு ரயில்வேக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. "ரெண்டு வருஷம், ஜாஸ்தி போனா மூணு வருஷம்" என்றார். எங்கள் மகள் கிருபை இங்கே பிறந்து இப்போது பத்தொன்பது வயதாகிறது.

காட்பாடியில் ஏறினால் பெங்களூரில் இறங்குகிற வரை டிக்கெட்டைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். மைசூர் ராஜ்யம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஜன்னலோரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது. பிளேக் காலத்தில் மட்டும் ஜோலார்பேட்டையில் எல்லோரையும் இறக்கி, நெறி கட்டியிருக்கிறதா என்று அக்குளைத் தொட்டுப் பார்த்தார்களாம். அதற்கு ஒரு பெண்பிள்ளையை உட்காரவைத்திருந்தார்களாம். என் அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "அவளும் ஒரு பொம்பளையா? அந்தக் கையால எப்படித்தான் சோறு துன்னாளோ?" என்று முடிப்பாள்.

பாடாங் பெசாருக்கு நாங்கள் மாற்றலாகி வந்த வருஷம், அந்த அறையில் வேலை பார்த்த சீனப் பெண் நின்றுவிட்டாள். கம்பம் என்று சொல்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்ப் பெண்கள் யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்று என் பேர் அடிபட்டது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். ரயில்வேயிலும் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பயம். சரி என்றேன். முதல் மாதம் முழுக்க நான் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். அம்மாவுக்கு இதை இன்றுவரை சொல்லவில்லை.

அறை என்றால் பிளாட்பாரத்து ஓரத்தில் பலகை அடித்த ஓர் அறை. ஒரு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, வாசலுக்கு ஒரு படுதா. கொண்டையை அவிழ்க்கவேண்டும், குழந்தையின் இடுப்புத் துணியைப் பிரிக்கவேண்டும், கைகளைத் தூக்கச் சொல்லி அக்குளிலிருந்து கணுக்கால் வரை தடவவேண்டும். என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிறவர். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கையால் மட்டும் தடவி, கீறல் எங்கே, உண்ணி கடித்த ஓட்டை எங்கே என்று சொல்வார். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். முகத்தைப் பார்த்தால் கை கூசும்.

3

முகம் பார்க்காமலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தி சோம். சயாமில் ஹட்யாய் என்ற ஊரிலிருந்து உப்பில் ஊறவைத்த வாத்து முட்டைகளைக் கூடையில் கொண்டுவந்து இந்தப் பக்கத்துச் சந்தையில் விற்பவள். வாரத்தில் இரண்டு தடவை வருவாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை. எனக்குச் சயாம் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் சந்தைக்குப் போதுமான மலாய் தெரியும். "இருக்கா?" என்று நான் மலாயில் கேட்பேன். "இல்லை" என்பாள். எங்கள் பேச்சு வருஷக்கணக்கில் அவ்வளவுதான்.

ஆனால் அவள் உடம்பு இளைத்தால் எனக்குத் தெரியும். தோள்பட்டையில் கூடைத் தழும்பு எப்போது புண்ணாயிற்று, எப்போது ஆறிற்று என்று தெரியும். கூடப்பிறந்தவளைக்கூட நான் அப்படித் தொட்டதில்லை.

ஒரு நாள் அவளுடைய இடது மார்பின் ஓரத்தில் என் விரல் நின்றது. உள்ளே புளியங்கொட்டை மாதிரி ஒன்று. அமுக்கினால் நகரவில்லை. முதலில் அபின் உருண்டை என்றுதான் கை நினைத்தது. பிறகு அது துணிக்குள் இல்லை, தோலுக்கு உள்ளே இருக்கிறது என்று புரிந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நெமிலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நான்தான் துணி மாற்றினேன். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். அவள் வந்தபோது எல்லாம் கடந்துபோயிருந்தது. வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருந்தது.

சோமிடம் எப்படிச் சொல்வது? மலாயில் மார்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை சூசூ. நோய்க்குச் சாக்கிட். நான் அவள் மார்பைக் காட்டி, "சூசூ. சாக்கிட். டாக்டர்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புரிந்துகொண்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

4

அடுத்த தடவை வந்தபோது, நான் சோதனை போடுவதற்கு முன்னாலேயே கூடைக்குள் கையை விட்டு இரண்டு டப்பாக்களை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். டப்பாப் பால். வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

மலாயில் சூசூ என்றால் பால் என்றும் அர்த்தம். எனக்குத் தெரியாதா? தினம் கடையில் கேட்டு வாங்குகிற வார்த்தைதானே! என் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, டாக்டர் பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், வாங்கிக்கொண்டு வா என்று நான் மிரட்டியதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இல்லை, இல்லை" என்று டப்பாக்களைத் திருப்பிக் கூடைக்குள் வைக்கப்போனேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு டப்பா உருண்டு படுதாவுக்கு வெளியே போய்விட்டது. போய் நின்ற இடம் எங்கள் சுங்க ஆபீஸ் யாழ்ப்பாணத்துக் கிளார்க்கரின் காலடி.

"இதென்ன எஸ்தர், பால்பேணி? ஆர் தந்தது?"

"நான் வாங்கலீங்க. அவளாத்தான்…"

"அவவாத் தாறதுக்கு நீர் என்ன சொன்னனீர்?"

நான் சொன்னதைச் சொன்னேன். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. அதற்குள் சோம் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் சுங்கத் துரை கூப்பிட்டார். வயதில் சின்னவர். கிளார்க்கர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மார்பு என்ற இடம் வந்ததும் துரை ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. பிரயாணியின் உடம்பில் உள்ள நோய் சுங்க இலாகாவின் விஷயம் இல்லை; இனிமேல் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர எந்தப் பெண்ணிடமும் வேறு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது; இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் ஆசீர்வாதம் கத்தினார். "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? ஊர்ல உள்ள சீக்கெல்லாம் நீயா பாக்கப் போறே? பேஜாரு புடிச்ச பாஷைய வச்சிக்கினு..."

"சொல்லாம உட்றதா?"

"சொன்னியே. பால் டப்பா வந்துச்சே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எரிச்சல் அதிகமாயிற்று.

அதற்குப் பிறகு சோம் வரவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் படுதாவை விலக்கிப் பார்த்தேன். வந்த பெண்களைக் கைதான் தடவியது. மனசு அடுத்த பெட்டிக்குப் போய்விடும். ஒருத்தியின் கொண்டையை அவிழ்க்காமலேயே அனுப்பிவிட்டேன். வீட்டில் அரிசி களையும்போது விரல் நுனியில் அந்தப் புளியங்கொட்டை இருக்கும். பால் டப்பா கேட்டு மிரட்டுகிற தமிழச்சி இருக்கிறாள் என்று பயந்து அவள் காட்டு வழியாக நடந்து வருகிறாளோ, அல்லது வியாபாரத்தையே விட்டுவிட்டாளோ? இரண்டில் எதுவானாலும் காரணம் நான்.

5

கிருபையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களோடு பேசும்போது தமிழைக் கடனுக்கு வாங்கியது மாதிரி பேசுவாள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு மலாய். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கிற சந்தைக்கு ஓடிப்போய்ச் சயாம் பெண்களோடு சயாம். ஊருக்குப் போயிருந்தபோது சத்துவாச்சாரியில் இருக்கிற என் அண்ணன், "இன்னா கண்ணு, எப்படி இருக்கே?" என்று கேட்டதற்கு, இன்னா என்றால் என்ன என்று என் காதில் கேட்டவள். அந்தச் சந்தைக்குப் போகக் கூடாது என்று அவளை நான் அடித்திருக்கிறேன். நாளைக்கு அங்கேயே ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயம்.

அவளிடம் போய் நின்றேன். "எனக்கு ஹட்யாய் வரைக்கும் போகணும். கூட வர்றியா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "இப்ப மட்டும் சயாம் பாஷை வேணுமா?"

"வேணும்."

அவள் பாவாடையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆசீர்வாதம் மட்டும் வாசல்வரை வந்தார். "துரைக்குத் தெரிஞ்சா உத்தியோகம் போய்டும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "சரி, கடைசி வண்டிய உட்றாதீங்க" என்று உள்ளே போய்விட்டார்.

வண்டி எல்லையைத் தாண்டியதும் சயாம் சுங்கத்தார் ஏறினார்கள். அவர்களிலும் ஒரு பெண் இருந்தாள். என்னைப் பெட்டியின் மூலைக்குக் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொன்னாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அக்குள், இடுப்பு, முதுகு என்று வேகமாகப் போயின. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு நாளும் நான் செய்துவந்த வேலைதான். ஆனாலும் முடிந்ததும் சேலையைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹட்யாய்ச் சந்தையில் முட்டைக்காரிகள் வரிசையில் சோமைக் கண்டுபிடித்துவிட்டோம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. கூடையை இழுத்து ஒரு துணியைப் போட்டு மூடினாள். தேடிவந்து கேட்கிறாளே, இவளுக்கு எவ்வளவு பால்தான் வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

கிருபை அவளிடம் என்னவோ சொல்லிக் கையைப் பிடித்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். என் மகள் பேசுவதை நான் நின்று கவனித்தது அதுதான் முதல் தடவை. ஒரு வார்த்தை புரியவில்லை. தன் மார்பிலேயே கையை வைத்துக் காட்டினாள். கூச்சமே இல்லை. குரல் மட்டும் மெதுவாக இருந்தது. வீட்டில் எங்களிடம் அந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை.

சோம் கடைசிவரை கேட்டாள். பிறகு கிருபையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா, அவங்களுக்கு முன்னாலயே தெரியுமாம்" என்றாள் கிருபை. "போன மழைக்கே தெரியுமாம். ஒவ்வொரு வாரமும் உன் கை அங்க வரும்போது பாப்பாங்களாம், நீ ஏதாவது சொல்றியான்னு. நீ ஒண்ணும் சொல்லலயாம். ஊர்ல இருக்கற எல்லாப் பொம்பளைங்க உடம்பும் தெரிஞ்சவ, அவளே சும்மா இருக்கா, அப்ப இது ஒண்ணும் இல்லன்னு நெனச்சாங்களாம். அதனாலதான் நீ சூசூன்னப்பவும் பாலத்தான் கேக்கறேன்னு எடுத்துக்கிட்டாங்களாம்."

மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். போன மழையில் என் விரலுக்கு அது தட்டுப்படவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அதையும் கிருபைதான் சொல்ல வேண்டியிருந்தது. சோம் கேட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டைக்கூடையை மூடியிருந்த துணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள.

பினாங்கு ஆஸ்பத்திரிக்கு வா என்றோம். பழக்காலத்தில்தான் சந்தைக்குக் கூட்டம் வரும், அது முடியட்டும் என்றாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

6

வந்தாள். கூடை இல்லாமல், ஒரு துணி மூட்டையோடு வந்தாள். கிளார்க்கர் என் பேச்சைக் கேட்கப் படுதாவுக்கு வெளியே நின்றுகொண்டார். எப்போதும் அப்படி நிற்க மாட்டார். நான் அவள் கொண்டையை அவிழ்த்தேன், மூட்டையைப் பிரித்தேன், கையைத் தூக்கச் சொன்னேன். அந்த இடத்திலும் தொட்டேன். புளியங்கொட்டை இப்போது பாக்கு அளவு இருந்தது. "இருக்கா?" என்றேன். "இல்லை" என்றாள். இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

எனக்கு லீவு இல்லை. ஆசீர்வாதம் தன் ரயில்வே குடும்பப் பாஸில் கிருபையை அனுப்பினார். பதினேழு வயதுப் பெண்ணை அந்நியப் பெண்ணோடு அவ்வளவு தூரம் அனுப்ப அவர்தான் முதலில் மாட்டேன் என்றார்; பிறகு அவரே வீட்டுக்குப் போய்ப் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது ஜன்னலுக்கு உள்ளே இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று எனக்குத் தெரியாது. கடைசிப் பெட்டி மறைகிற வரை நின்றேன். அவளைப் பெற்றவள் நான். ஆனால் அந்தப் பெட்டியில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது. அதே சமயம் கர்வமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அன்று முழுக்க எங்கேயும் உட்கார முடியவில்லை.

அறுத்து எடுத்துவிட்டார்கள். தாமதமாகிவிடவில்லை, ஆனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். சோம் படுத்திருந்த வாரங்கள் முழுக்கக் கிருபை கூடவே இருந்தாள். சயாம், மலாய், தமிழ் மூன்றும் பேசுகிற பெண் அந்த வார்டில் வேறு யாரும் இல்லை. தாதிமார்களின் தலைவி, இவளை இங்கேயே தாதி வேலைக்குப் படிக்க வைக்கலாமே என்று ஆள்விட்டுக் கேட்டாள். கிருபை எங்களைக் கேட்கவில்லை. இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது வருஷத்தில் இரண்டு தடவை வருகிறாள். வந்தால் பெட்டியைப் பிரிப்பதற்குள் திரும்பிப் போகிற வண்டி எப்போது என்று அவள் அப்பா கேட்டுவிடுகிறார். அவருக்கு அப்படித்தான் பேசத் தெரியும்.

சோம் மறுபடி முட்டைக் கூடையோடு வர ஆரம்பித்தாள். முதல் நாள் வந்தபோது ரவிக்கையின் இடது பக்கம் பஞ்சைத் துணியில் சுருட்டி வைத்துக் கட்டியிருந்தாள். ஆட்கள் உற்றுப் பார்க்கிறார்கள், அதனால்.

எங்கள் இலாகாவின் சட்டப்படி, துணிக்குள் திணித்து வைத்த எதையும் பிரித்துப் பார்க்காமல் விடக்கூடாது. அந்தச் சுருளுக்குள் ஓர் உருண்டை அபினை வைத்துத் தைத்தால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவளைப்போல உடம்பு கெட்ட, புருஷன் இல்லாத பெண்களைத்தான் கடத்தல்காரர்கள் தேடுகிறார்கள். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் தயங்கி நின்றேன். அவள் தானே ரவிக்கையை அவிழ்த்து, சுருளை எடுத்து என் கையில் வைத்தாள். தழும்பு கழுத்தெலும்பிலிருந்து அக்குள்வரை போயிருந்தது.

முடிச்சை அவிழ்த்தேன். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தேன். பஞ்சுதான். திரும்பச் சுருட்டி அவள் மார்பில் வைத்து, நானே ஊக்குக் குத்திவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்கிறோம். இன்றைக்கும் செய்தேன். ஒரு தடவைகூட அவிழ்க்காமல் விட்டதில்லை. அவள் கோபித்துக்கொள்வதில்லை. நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, படுதாவுக்கு வெளியே வண்டி கிளம்பிவிடப் போகிறதே என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி நிற்கிறாள்.